அரைமண்டியில் அளவெடுங்கள்

மேடை, நடனம், சினிமா உடை பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளும் என் பதில்களும். நாற்பது வருடமாகக் கத்திரி பிடித்த கை இது. பேனா பிடிப்பது இந்தப் பக்கத்துக்காக மட்டும்தான். அதனால் பதில்கள் சிலது நீளமாகவும் சிலது ஒரு வரியாகவும் இருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை செய்கிற படிப்புதான் வேண்டும் என்கிறாள். "தையல்காரி ஆகறதுக்குக் காலேஜா?" என்று என் மாமியார் கேட்கிறார். இதற்கு இங்கே படிப்பு உண்டா?
— ஒரு அம்மா, திண்டுக்கல்

உங்கள் மாமியார் கேட்டதை 1983இல் என் அப்பாவும் கேட்டார். இத்தனைக்கும் அவர் கும்பகோணத்தில் நாடகக் கோஷ்டிகளுக்கு ராஜா உடுப்பு தைத்துப் பிழைத்தவர். "நான் சொல்லித் தராததையா அங்கே சொல்லித் தரப் போறாங்க?" என்றார். பாதி சரி. தைக்க அவர்தான் சொல்லித் தந்தார். ஆனால் ஒரு துணி ஏன் இப்படி விழுகிறது, அந்த மடிப்பு ஏன் அங்கே போய் நிற்கிறது என்று பார்க்கப் பழகியது சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரியில்.

'மேடை உடை' என்று பலகை மாட்டிய துறையை நம் ஊர்க் கல்லூரிகளில் தேடி அலைய வேண்டாம். பக்கத்து வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எனக்குத் தெரிந்த வாசல்களைச் சொல்கிறேன்.

முதலாவது நான் போன வாசல். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பள்ளி அது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பத்தோடு அங்கே துணி வடிவமைப்பும் சொல்லித் தருகிறார்கள். நெசவு, சாயம், அச்சு எல்லாம் கையில் படும். கலை இயக்குநர் பி. கிருஷ்ணமூர்த்தி இந்தக் கல்லூரியில் படித்தவர்தான். 'ஒரு வடக்கன் வீரகாதா' என்ற மலையாளப் படத்தில் கலை இயக்கம், உடை இரண்டுக்கும் தேசிய விருது வாங்கினார். அரண்மனையைக் கட்டியவரே அதற்குள் நடமாடுகிறவனின் கச்சையையும் யோசித்திருக்கிறார் பாருங்கள்.

இரண்டாவது, சென்னை தரமணியில் இருக்கும் நிஃப்ட் என்ற மத்திய அரசு ஃபேஷன் கல்லூரி. நான்கு வருடப் படிப்பு. எழுத்துத் தேர்வும் வரையும் தேர்வும் முடிந்தால், கையில் சில பொருட்களைக் கொடுத்து "இதை வைத்து ஏதாவது செய்" என்று ஒரு தேர்வு வைப்பார்கள். உங்கள் மகள் கையால் வேலை செய்கிற பெண் என்றால் அதில் தேறுவாள். செலவு பல லட்சம் ஆகும், அதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டர்ன் போடுவது, உடம்பின் மேல் துணியைப் போட்டு வடிவம் பார்ப்பது எல்லாம் அங்கே நன்றாகக் கிடைக்கும். ஆனால் முக்கியமாக அங்கே கற்றுக்கொள்வது கடையில் விற்கிற உடை. துரியோதனன் கிடைக்க மாட்டான்.

துரியோதனன் வேண்டுமென்றால் டிகிரி முடித்த பிறகு நாடகத்துக்குப் போக வேண்டும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, நாடகத்தில் முதுகலை படிக்கலாம். டில்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு, வடிவமைப்பைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம், மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால் அங்கே சேருவதற்கு முன்பே சில நாடகங்களில் வேலை செய்த அனுபவம் கேட்பார்கள். ஆகவே இப்போதிலிருந்தே பக்கத்தில் எந்த நாடகக் குழு இருந்தாலும் போய் பொத்தான் தைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓவியக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் ஒரு நல்ல கட்டிங் மாஸ்டரிடம் உட்கார வைப்பேன். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு; அதையும் எழுதட்டும்.

மாமியாருக்கு ஒன்று. அவருடைய கல்யாண ரவிக்கையைத் தைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். பேர் ஊரோடு சொல்வார்.

எனக்கு நன்றாக வரைய வரும். ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. டிசைனர் ஆவதற்குத் தைக்கத் தெரிய வேண்டுமா?
— கல்லூரி மாணவி, கோவை

தெரிய வேண்டும். வேகமாகத் தைக்க வேண்டாம், ஆனால் எங்கே தையல் வரும் என்று தெரியாமல் கோடு போடக் கூடாது.

காந்தி படத்துக்காக 1983இல் ஆஸ்கர் வாங்கிய பானு அத்தையா பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்த ஓவியர். பெண்கள் பத்திரிகைக்கு உடைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பத்திரிகை ஆசிரியை ஒரு துணிக்கடை திறந்தபோது, வரைகிறாயே, உடையாகவே செய்து பாரேன் என்று கேட்கப்போய்த்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். காகிதத்திலிருந்து துணிக்குப் போன அந்த ஒரு அடிதான் எல்லாம்.

லண்டன் பக்கம் இதை இரண்டு தொழிலாகவே பிரித்துவிட்டார்கள். வரைகிறவர் வேறு, செய்கிறவர் வேறு. விம்பிள்டன் கலைக் கல்லூரியில் 'காஸ்ட்யூம் இன்டர்பிரிடேஷன்' என்றே ஒரு பட்டப்படிப்பு இருந்தது. அதாவது படத்தைப் படித்து உரை எழுதுவது மாதிரி, துணியால் உரை சொல்வது. எனக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிக்கும். வள்ளுவருக்கு ஒரு பரிமேலழகர் என்றால் டிசைனருக்கு ஒரு கட்டிங் மாஸ்டர். நம் ஊரில் அந்த உரையாசிரியருக்குப் பேரும் கிடையாது, டைட்டிலில் இடமும் கிடையாது. அது வேறு கதை.

கல்லூரியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆசிரியர் முதல் மாதம் கத்திரியைத் தொடவே விடவில்லை. ஆளுக்கு மூன்று மீட்டர் காடாத் துணியும் ஒரு டப்பா குண்டூசியும் கொடுத்தார். "போய் மியூசியத்தில் உட்கார்ந்து வரைஞ்சிட்டு வா. வந்து இந்தத் துணியில் அதைக் கொண்டுவா" என்றார். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எங்கள் கல்லூரியிலிருந்து பொடிநடைதான். வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நான் நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே உடம்பு, ஒரு பக்கம் தொடையோடு நிற்கிற துணி, இன்னொரு பக்கம் கணுக்கால் வரை இறங்குகிற துணி. அதைக் காடாவில் கொண்டுவரப் பார்த்தேன். குண்டூசி குத்திக் குத்தி விரல்தான் வீங்கியது. துணியை நேர்வாக்கில் பிடித்தால் விறைத்து நிற்கிறது. குறுக்கு வாக்கில், அதாவது மூலைக்கு மூலையாகத் திருப்பியதும், அட, தண்ணீர் மாதிரி வழிந்தது! கிராஸ் கட்டிங் என்று அப்பா ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நீங்களும் காடாவில் ஆரம்பியுங்கள். விலை குறைவு, தப்பினால் அழுகை வராது. நல்ல துணியை முதலில் வெட்டுகிறவர்களை நான் கடையில் வைத்துக்கொள்வதில்லை.

பரதநாட்டிய உடை மூன்று தடவை போட்டதும் கவட்டில் கிழிந்துவிடுகிறது. டெய்லர், பெண் குண்டாகிவிட்டாள் என்கிறார். அவள் குண்டாகவில்லை. என்ன தப்பு?
— நடனம் பயிலும் பெண்ணின் தாயார், திருச்சி

பெண்ணின் மேல் தப்பில்லை. டெய்லர் அவளை நிற்க வைத்து அளவெடுத்திருக்கிறார்.

இதை நான் தைரியமாகச் சொல்லக் காரணம், அதே தப்பை நான் செய்திருக்கிறேன். தனியாகக் கடை போட்ட புதிது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அரங்கேற்றம். பாசிப்பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். பார்க்க அவ்வளவு லட்சணமாக வந்திருந்தது. மூன்றாவது வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். வர்ணம் என்ற நீளமான உருப்படி பாதி போயிருக்கும், குழந்தை முழங்காலை முழுக்க மடக்கி உட்காரும் முழுமண்டியில் இறங்கினாள். மிருதங்கத்தையும் மீறி 'டர்ர்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டதா, சபை முழுக்கக் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது. அவள் முகம் மாறவேயில்லை, ஆடி முடித்தாள். முன்னால் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் விசிறி மானத்தைக் காப்பாற்றியது. இடைவேளையில் ஓடிப்போய் உடம்பில் போட்டபடியே காஜா நூலால் இழுத்துத் தைத்தேன். அப்படித் தைக்கக் கூடாது என்று பக்கத்திலிருந்த பாட்டி முணுமுணுத்தார். வேறு வழி?

மறுநாள் அந்தப் பெண்ணை வரவழைத்து, முன் இடுப்பிலிருந்து கால் நடுவே பின் இடுப்பு வரை டேப் வைத்துப் பார்த்தேன். நிற்கும்போது ஒரு அளவு. முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் மூன்று விரற்கடை கூடுதல். முழுமண்டியில் இன்னும் கூடுதல். அன்றிலிருந்து என் கடையில் யார் வந்தாலும், "அரைமண்டில உட்காரும்மா" என்ற பிறகுதான் டேப்பை எடுப்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பைஜாமாவின் கவட்டில் நான்கு தையல் ஒன்றுசேரும் இடத்தைப் பிரித்து, அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவு போதும். அதே பட்டு இல்லாவிட்டால் அதே நிறத்தில் பருத்தித் துணியே வைக்கலாம்; விசிறிக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? லைனிங் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். வழுவழுப்பான லைனிங் வியர்வையில் தொடையோடு ஒட்டி இழுக்கும், பட்டு அங்கேதான் கிழியும். அப்புறம், வளர்கிற பெண் என்றால் பக்கத் தையலில் இரண்டு இன்ச் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வார்த்தை. சேலையை வெட்டுவதற்கு முன் டெய்லர் அதை விரித்து, முந்தானை எங்கே வரும், பார்டர் எங்கே வரும் என்று உங்களிடம் பேசினாரா? பேசாமல் வெட்டுகிறவரிடம் காஞ்சிபுரம் பட்டைக் கொடுக்காதீர்கள். கோர்வைச் சேலையில் பார்டரும் உடலும் தனித்தனியாக ஓடி நெசவில் கோக்கப்படுகின்றன. அந்த இணைப்பை நினைத்த இடத்தில் குறுக்கே வெட்டினால் பிசிறு விடும். முந்தானை முன் விசிறிக்கு, பார்டர் பைஜாமாக் காலுக்கும் மேலாக்குக்கும் என்று பிரித்து வைத்துக்கொண்டுதான் நான் சாக்பீஸையே எடுப்பேன்.

படிக்க ஆரம்பிக்கும்போதே பவர் மிஷின் வாங்கலாமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். பழைய கால் மிஷின் ஒன்று, உஷாவோ சிங்கரோ, வாங்குங்கள். பவர் மிஷினின் வேகம் விரலுக்கு முன்னால் ஓடும். நீங்கள் தப்பைப் பார்ப்பதற்குள் அரை மீட்டர் தப்பு தைத்துவிடும். மிச்சப் பணத்துக்கு நல்ல கத்திரி வாங்குங்கள். அதால் காகிதம் வெட்டுகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எங்கள் கல்லூரி நாடகம் 1940களில் ஒரு கிராமத்தில் நடக்கிறது. வாடகைக் கடையில் கொடுக்கிற உடையெல்லாம் பளபளவென்று கல்யாணத்துக்குப் போவது மாதிரி இருக்கிறது. பழசாக்குவது எப்படி?
— நாடகக் குழு, மதுரை

வாடகைத் துணியில் கை வைக்காதீர்கள், அபராதம் கட்டுவீர்கள். சந்தையில் சாதாரணப் பருத்தி வேட்டி வாங்குங்கள். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம். அதில் டீ ஒட்டாது.

ஆமாம், டீதான். முதலில் இரண்டு தடவை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் வேட்டியை முக்கி, நிறம் பிடித்ததும் எடுத்து நிழலில் காயப் போடுங்கள். சினிமாவில் புத்தம்புது வெள்ளை கேமராவுக்குக் கண் கூசும் என்று இப்படித்தான் டீத்தண்ணீரில் முக்கி எடுப்போம். எல்லா வேட்டியையும் ஒரே நேரம் ஊற வைத்தால் எல்லாரும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது போலத் தெரியும். பண்ணையாருக்கு லேசாக, ஏர் ஓட்டுகிறவருக்குக் கெட்டியாக.

சட்டை என்றால் முழங்கை, காலர் மடிப்பு, பாக்கெட் ஓரம் இந்த இடங்களில் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். துணி தானாக நைந்துபோவது அங்கேதான். சட்டை நடுவில் ஓட்டை போட்டால் எலி கடித்த மாதிரி இருக்கும். பாக்கெட்டில் கூழாங்கல் போட்டு, சட்டையை நனைத்து ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். பத்து வருடம் பீடிக்கட்டு வைத்த பாக்கெட் கிடைத்துவிடும்.

யுத்த காலத்தில் துணிக்குத் தட்டுப்பாடு, கண்ட்ரோல் எல்லாம் இருந்தது. ஆகவே ஒட்டுப்போட்ட துணி ஏழை வீட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒட்டு சுத்தமாகப் போடப்பட்டிருந்தால் நடுத்தர வீடு, வேறு நிறத் துணியில் இருந்தால் இல்லாத வீடு. வசனமே இல்லாமல் இதைச் சொல்லிவிடலாம். பெண்களுக்குப் பஃப் கை ரவிக்கை அந்தக் காலத்தில் இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய கல்யாண போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். நான் கலைக் கல்லூரி நூலகத்தில் தேடியதைவிட மாயவரத்தில் ஒரு அத்தை வீட்டுச் சுவரில் அதிகம் கண்டுபிடித்தேன்.

என் தாத்தா தெருக்கூத்தில் கிரீடமும் மர அணிகளும் பூட்டுகிற கட்டை வேஷம் கட்டியவர். அவருடைய பெட்டி வீட்டில் இருக்கிறது. நான் காஸ்ட்யூம் படிக்கப் போகிறேன் என்றால், "இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்" என்கிறார்கள். இதெல்லாம் படிப்பில் வருமா?
— இளைஞர், செய்யாறு

ஐயா, அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கையோடு ஒரு காரியம் செய்யுங்கள்: திறந்து, ஒவ்வொன்றையும் வெள்ளை வேட்டியில் வைத்துப் படம் எடுத்து, அளவெடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எதுவானாலும் எத்தனை இன்ச், எத்தனை கிராம், பின்பக்கம் கயிறு எங்கே கோத்திருக்கிறது என்று. பின்பக்கம்தான் முக்கியம். முன்பக்கத்தை எல்லாரும் போட்டோ எடுத்துவிட்டார்கள்.

கல்யாண முருங்கை மாதிரி எடையில்லாத மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிய சாமான் அது. விடிய விடிய ஆடுகிறவன் தோளில் கனமான மரத்தை வைத்தால் வாலி வதத்துக்கு முன்னாலேயே வாலி விழுந்துவிடுவான். ஒரு தடவை காஞ்சிபுரம் பக்கம் ஒரு கூத்தில், வேஷம் கட்டும் இடத்தில் உட்கார அனுமதி கேட்டேன். துரியோதனன் வேஷக்காரர் பாவாடைக்கு உள்ளே பழைய சேலைகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, "ஏன் இத்தனை?" என்றேன். அவர் பேசவில்லை. எழுந்து ஒரு கிறிக்கி, அதாவது வேகமாக ஒரு சுழற்சி, அடித்துக் காட்டினார். பாவாடை குடை மாதிரி விரிந்து, அவர் நின்ற பிறகும் அரைச் சுற்று தானாகச் சுற்றி அடங்கியது. "உள்ள துணி இல்லேன்னா கால்ல சுத்திக்கும், தாயி" என்றார். என் ஐந்து வருடப் படிப்பில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

நேர்முகத்தில் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டால் அந்த நோட்டைக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு புஜக்கட்டையை நீங்களே செய்து பக்கத்தில் வையுங்கள். தாத்தா இருக்கிறாரா? இருந்தால் எதை முதலில் கட்டுவார், எதைக் கடைசியில் கட்டுவார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கே.

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ஓவர்லாக் அடிக்கிறேன். வயது 34. நாடகம், சினிமா உடைக்கு மாற முடியுமா?
— தொழிலாளி, திருப்பூர்

முடியும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டியிருக்கும். கம்பெனியில் நாளெல்லாம் ஒரே கைதான் தைத்திருப்பீர்கள், தோள்பட்டையை வேறொருவர் பார்த்துக்கொள்வார். இங்கே ஒரு ஆளுக்கு ஒரு உடை, முழுசும் உங்கள் தலையில். தைத்ததைப் பிரிக்க வேண்டியும் வரும், ஏனென்றால் நாளைக்கு அதே உடையை வேறு நடிகர் போடுவார். உங்கள் ஓவர்லாக் மிஷின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும், பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணி மிஞ்சாது.

ஒரு மார்கழி சீசனுக்கு நடன உடைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து பாருங்கள். புரட்டாசியிலிருந்தே வேலை குவியும், ஆள் தேடுவார்கள். முதலில் சம்பளம் குறைவாக இருக்கும், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். சினிமா என்றால் திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சியின் கீழ் உடை வேலைக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. உறுப்பினராகாமல் பெரிய படங்களில் வேலை செய்வது கஷ்டம். வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கடையில் மிக நன்றாக எம்மிங் செய்கிறவர் 51 வயதில் வந்து சேர்ந்தார்.

மழைப் பாட்டில் கதாநாயகி சொட்டச் சொட்ட நனைகிறார். அடுத்த ஷாட்டில் அதே உடை காய்ந்திருக்கிறது. எப்படி?
— வாசகி, நாகர்கோவில்

அதே உடை இல்லை. ஒரே மாதிரி மூன்று தைத்திருப்போம். ஒன்று நனைய, ஒன்று காய, ஒன்று அவர் காபியைக் கொட்டிக்கொள்ள.